பத்து நிமிட ஆபரேஷனில் தரம் இருக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. மதுரையில் பெரிய கண் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருந்தாராம். கட்டணமும் நாங்கள் நினைத்ததில் பாதிதான். இத்தனை பேருக்கு, இவ்வளவு வேகமாக, இவ்வளவு குறைந்த செலவில் செய்தால் தரத்தில் எங்கேயோ கை வைத்திருக்க வேண்டும் அல்லவா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: பக்கத்து மேசையை உங்கள் அம்மா கவனித்து வைத்தது நல்லதாயிற்று. விடையில் பாதி அந்த மேசையில்தான் இருக்கிறது.

‘வேகம் என்றால் அவசரம், மலிவு என்றால் மட்டம்’ என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. புரை ஆபரேஷனைப் பொறுத்தவரை கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆண்டுக்கு 50 முதல் 250 புரை ஆபரேஷன் வரை செய்த மருத்துவர்களிடம் ஆயிரத்துக்கு சுமார் 8 பேருக்குச் சிக்கல் வந்தது. ஆயிரத்துக்கு மேல் செய்தவர்களிடம் ஆயிரத்துக்கு ஒருவருக்குத்தான். கை பழகப் பழகத் தவறு குறைகிறது.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த முறையை உலகம் கற்றுக்கொண்டது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிடம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்தவரைச் செவிலியர் குழு தயார்செய்துவிடும். ஒன்று முடிந்ததும் மருத்துவர் மறுபக்கம் திரும்புவார், மைக்ராஸ்கோப்பும் கூடவே திரும்பும். கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுத்து, மருத்துவர்தான் செய்தாக வேண்டும் என்றில்லாத வேலைகள் அனைத்தையும் அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குறைந்தது மருத்துவரின் காத்திருப்பு நேரம்தான். கண்ணுக்குள் கத்தி இருக்கும் நேரத்தில் யாரும் கை வைக்கவில்லை.

செலவும் இப்படித்தான் குறைகிறது. அதே அறை, அதே கருவிகள், அதே சம்பளம் பல மடங்கு நோயாளிகளுக்குப் பிரிகிறது. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்ற தங்கள் ஆலையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். நாளடைவில் அதன் விலை பத்து டாலருக்கும் கீழே வந்தது. ‘நன்கொடையில் ஓடுகிறது’ என்று பலர் சொல்வார்கள். அன்றாடச் செலவுக்கு அவர்கள் நம்பியிருப்பது கட்டணம் கொடுத்துச் சிகிச்சை பெறுபவர்கள் தரும் வருமானத்தைத்தான்.

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு, அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவை சிகிச்சை கற்றவர். அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 58 வயதில், 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் கிராமத்து ஜனங்கள் வராததைக் கண்டு காரணம் விசாரித்தார்கள். பஸ் காசு, சாப்பாடு, போய்விடும் கூலி, துணைக்கு வர ஆளில்லாமை என்று பதில் வந்தது. பிறகு பஸ்ஸும் சாப்பாடும் சிகிச்சையோடு சேர்ந்தன. என் கணிப்பில் எந்த மைக்ராஸ்கோப்பையும் விடப் பெரிய கண்டுபிடிப்பு இது.

மைக்கேல் போர்ட்டர், எலிசபெத் டைஸ்பெர்க் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2006-இல் எழுதிய நூல், ‘மதிப்பு சார்ந்த மருத்துவம்’ என்ற கருத்தைப் பரப்பியது. செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் நோயாளியின் உடம்பில் என்ன பலன் கிடைத்தது என்று பார்ப்பதே அது. எத்தனை ஆபரேஷன், எத்தனை பரிசோதனை என்ற எண்ணிக்கைக்கு அதில் இடமில்லை. மதுரையில் அதற்கு முப்பது ஆண்டு முன்பே வேலை தொடங்கியாயிற்று.

உங்கள் சந்தேகம் நியாயமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. பலனை எண்ணாத மருத்துவமனையில் வேகம் ஆபத்துதான். லென்ஸ் உறை (லென்ஸைத் தாங்கும் மெல்லிய சவ்வு) கிழிவது, கண்ணுக்குள் தொற்று வருவது போன்றவற்றை மருத்துவர்வாரியாகப் பதிந்து, உட்கார்ந்து அலச வேண்டும். அரவிந்த் மருத்துவமனைகளின் ஏறத்தாழ 6 லட்சம் ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தாதபோது 10,000 பேரில் 7 பேருக்குத் தொற்று வந்தது. செலுத்தியபோது 2 பேருக்கு. இத்தனை பேருக்குச் செய்து, ஒவ்வொருவரையும் கணக்கில் வைத்திருந்ததால்தான் இவ்வளவு சிறிய வித்தியாசம் கண்ணில் பட்டது. சிக்கல்களை எண்ணும்போது, முற்றிய புரையோடு தாமதமாக வரும் ஏழைகளை மற்றவர்களோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வைத்தால், கணக்கு கெட்டுவிடுமே என்று கடினமான கண்களை மருத்துவர்கள் தொடவே தயங்குவார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: சொட்டு மருந்தைச் சொன்ன நாள் வரை விடாமல் போடுங்கள். வலி, சிவப்பு, திடீரென்று பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அம்மாவுக்கு நன்றாகத் தெரிகிறது என்றாலும் மறுபரிசோதனைக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ‘நல்லாத்தானே தெரியுது’ என்று பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். வராதவரின் கண் எப்படி இருக்கிறது என்பது மருத்துவமனையின் கணக்கில் ஏறுவதே இல்லை. மறுபரிசோதனைக்குப் போகும்போது, எத்தனை நிமிடம் ஆனது என்பதை விட்டுவிட்டு, இங்கே எத்தனை பேருக்குச் சிக்கல் வருகிறது என்று தயங்காமல் கேளுங்கள். எண்ணி வைத்திருப்பவர்கள் பதில் சொல்வார்கள்.