அறப்போருக்கும் பயிற்சி உண்டு

கற்றல் நோக்கம்: வன்முறையின்றி உரிமை கோருவதற்குப் பயிற்சி தேவை என்பதை வரலாற்று நிகழ்வுகள் வழியாக அறிதல்.

நீச்சல் கற்க விரும்புபவர் குளத்தில் இறங்கியே ஆக வேண்டும். வீணை கற்பவர் விரல் நோக நாள்தோறும் பயில வேண்டும். பொறுமையையும் அவ்வாறே பயிற்சியால் கற்க இயலுமா? ஒருவர் நம்மைத் தள்ளுகிறார்; இழிவாகப் பேசுகிறார். அந்நேரத்தில் நம் கை தானாகவே ஓங்குகிறது. ஓங்கிய கையைத் தாழ்த்த வேண்டும். கேட்க வந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வது அரிது. அதற்குப் பயிற்சி வேண்டும் என்று கண்டறிந்தவர்களின் வரலாற்றில், நாம் வாழும் திருவனந்தபுரத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் இடம் உண்டு.

வைக்கம் தெருக்கள்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு திருவிதாங்கூர் அரசின் தலைநகராகத் திருவனந்தபுரம் விளங்கியது. அவ்வரசின் ஆட்சிக்கு உட்பட்ட வைக்கத்தில், மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் முதலிய சமூகத்தார் நடக்கக் கூடாது என்ற தடை இருந்தது. அதை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று அறப்போர் தொடங்கியது. குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்னும் மூவர் முதலில் சென்றனர். மூவரும் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கோவிந்தப் பணிக்கர் தனியாக அத்தெருவில் நடந்திருக்கலாம். அவருக்குத் தடை இல்லை. ஆயினும் நண்பர் இருவரையும் விட்டுச் செல்ல அவர் உடன்படவில்லை. மூவரும் கைதாயினர்.

பின்னர் அரசு கைது செய்வதை நிறுத்தித் தடுப்பு வேலிகளை அமைத்தது. தொண்டர்கள் வேலியின் முன் அமர்ந்து இராட்டையில் நூல் நூற்றனர். அவ்வாண்டு ஜூலையில் பெருவெள்ளம் வந்தபோதும் தண்ணீரில் நின்றவாறே தங்கள் கடமையைச் செய்தனர். எதிர்ப்பாளர்கள் சிலரை அடித்தனர். கண்ணில் சுண்ணாம்பு பூசிய கொடுமையும் நிகழ்ந்தது. இவற்றைத் தாங்கும் மனவலிமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆசிரமத்தில் கூடி வாழ்தல், குறித்த நேரத்தில் எழுதல், நூல் நூற்றல், தலைமையின் கட்டளைக்கு உட்படுதல் ஆகிய ஒழுங்குகளே அவர்களை உருவாக்கின.

ஈரோட்டிலிருந்து வந்த ஈ.வெ. இராமசாமி இப்போராட்டத்தில் இருமுறை சிறை சென்றார். இரண்டாம் முறை கடுங்காவல் தண்டனை பெற்றுத் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் இருந்தார். அவருடைய துணைவியார் நாகம்மையார் பெண்களைத் திரட்டிப் போராட்டத்தில் ஈடுபட்டார்.

தலைநகர் நோக்கி நடைப்பயணம்

1924 நவம்பரில் தடைக்கு உட்படாத சமூகத்தாரே, தடையை நீக்குமாறு அரசைக் கேட்டுத் திருவனந்தபுரம் நோக்கி நடந்தனர். வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஓர் அணி வந்தது. தெற்கே நாகர்கோவில் பகுதியிலிருந்து மருத்துவர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றோர் அணி வந்தது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரின் பகுதி.  இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அரசப் பிரதிநிதியாக ஆண்ட மகாராணி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது.

எனினும் 1925 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் இதற்கான தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. ஆதரவாக 21 பேரும் எதிராக 22 பேரும் வாக்களித்தனர். இத்தனை துன்பத்திற்குப் பின் ஒரு வாக்கில் தோற்றால் சினம் எழுவது இயல்பு. தொண்டர்களோ அறவழியிலிருந்து விலகாமல் போராட்டத்தைத் தொடர்ந்தனர். 1925 மார்ச்சில் காந்தியடிகள் வந்து அரசுடனும் எதிர்ப்பாளருடனும் பேசினார். நவம்பரில் போராட்டம் முடிவுற்றது. கோயிலின் மூன்று பக்கத் தெருக்கள் அனைவருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு மட்டும் அப்போது திறக்கவில்லை. 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலய நுழைவுப் பிரகடனம் திருவிதாங்கூர் அரசின் கோயில்களையே திறந்துவிட்டது.

காந்திகிராமமும் சாந்தி சேனையும்

திருவனந்தபுரம் பகுதியைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனும் தமிழ்நாட்டு மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் கணவன் மனைவியர். இருவரும் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகில் காந்திகிராமத்தைத் தொடங்கினர். கல்வி, மருத்துவம், கிராமத் தொழில் ஆகியவற்றோடு அமைதிப் பணியும் அங்குக் கற்பிக்கப்பட்டது.

1957இல் வினோபா பாவே கேரளத்தில் சாந்தி சேனையைத் தொடங்கினார். வைக்கம் போராட்டத்தில் பங்கேற்ற கே. கேளப்பன் அதில் முன்னின்றார். சாந்தி சேனை என்றால் அமைதிப் படை. அதன் வீரர்களிடம் ஆயுதம் கிடையாது. கலவரம் நிகழும் இடத்திற்குச் சென்று இரு தரப்பாரிடமும் பேசுவதும், வதந்தியைத் தடுப்பதும், துன்புற்றோருக்கு உதவுவதும் அவர்கள் பணி. கலவரம் இல்லாத காலத்தில் அவர்கள் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என வினோபா வற்புறுத்தினார். அமைதிக் காலத்தில் அறிமுகம் இல்லாதவரின் சொல்லைக் கலவரக் காலத்தில் யார் கேட்பார்?

கடல் கடந்த கல்வி

இப்பயிற்சி கடல் கடந்தும் சென்றது. அமெரிக்கரான ஜேம்ஸ் லாசன் 1953 முதல் 1956 வரை நாக்பூரில் ஒரு கல்லூரியில் பணியாற்றினார்; காந்தியடிகளின் வழிமுறையைப் பயின்றார். தாயகம் திரும்பிய பின், 1959இல் நாஷ்வில் நகர மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார். அந்நகரின் கடைகளில் இருந்த உணவு மேசைகளில் கறுப்பின மக்கள் அமர்ந்து உண்ண முடியாது. வகுப்பில் மாணவர் சிலர் எதிரிகளாக நடித்துத் தள்ளினர், ஏசினர். மற்றவர்கள் திருப்பித் தாக்காமல் இருக்கப் பழகினர். 1960 பிப்ரவரியில் அவர்கள் அம்மேசைகளில் சென்று அமர்ந்தனர். அடிபட்டனர், கைதாயினர், திருப்பி அடிக்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் அம்மேசைகள் அனைவருக்கும் பொதுவாயின.

1960 டிசம்பரில் போரை எதிர்க்கும் பன்னாட்டு அமைப்பு ஒன்றின் மாநாடு காந்திகிராமத்தில் கூடியது. உலகிற்கே ஓர் அமைதிப் படை வேண்டும் என்ற கருத்து அங்கு வலுப்பெற்றது. 1962இன் தொடக்கத்தில் லெபனானில் உலக அமைதிப் படை தோன்றியது. அது ஆப்பிரிக்காவின் தாருஸ்ஸலாம் நகரில் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்தியது. 1981இல் கனடாவில் பன்னாட்டு அமைதிப் படைகள் என்னும் அமைப்பு உருவானது. அதன் தொண்டர்கள் 1989 முதல் இலங்கையில், அச்சுறுத்தலுக்கு உள்ளான வழக்கறிஞர்களுக்கும் பிறருக்கும் துணையாக உடன் சென்றனர். பன்னாட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாக்குவோர் தயங்குவர் என்பதே அம்முறையின் அடிப்படை.

பயிற்சியில் என்ன கற்பிப்பர்?

முதலாவது, உரிமைகளை அறிதல். 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள் உள்ளன. இரண்டாவது, எதிர்த்தரப்பார் சொல்வதை இடைமறிக்காமல் கேட்டல். மூன்றாவது, கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியே பதிவு செய்தல். நான்காவது, சினத்தை அடக்கும் பழக்கம். அஞ்சி ஒதுங்குவோருக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாது. அநீதியின் எதிரே நிற்கத் துணிந்தவருக்கே இவை அனைத்தும் வேண்டும்.

சொற்பொருள்

அறப்போர் – வன்முறையற்ற போராட்டம்
விண்ணப்பம் – எழுத்து வடிவ வேண்டுகோள்
பிரகடனம் – பொது அறிவிப்பு
வதந்தி – உறுதி செய்யப்படாத செய்தி
தயங்குவர் – பின்வாங்கி யோசிப்பர்

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கோவிந்தப் பணிக்கர் கைதாகக் காரணம் யாது?
2. 1924 நவம்பரில் எவ்விரு திசைகளிலிருந்து திருவனந்தபுரத்திற்கு அணிகள் வந்தன? தலைமை ஏற்றவர் யாவர்?
3. சாந்தி சேனையினர் கலவரம் இல்லாத காலத்திலும் தொண்டு செய்ய வேண்டியது ஏன்?

ஆ) பத்து வரிகளில் விடை எழுதுக.
ஒரு வாக்கில் தீர்மானம் தோற்ற நாளில் நீங்கள் வைக்கத்தில் தொண்டராக இருந்திருந்தால், சினமுற்ற உங்கள் தோழரிடம் என்ன கூறியிருப்பீர்கள்?

இ) பிரித்து எழுதுக.
அறப்போர், கடுங்காவல், அந்நேரம்

ஈ) செயல்பாடு
1. வரிசையில் ஒருவர் இடையில் புகுகிறார். இக்காட்சியை இருவர் இருவராக நடித்துக் காட்டுக. கை ஓங்காமலும் உரிமையை விடாமலும் எவ்வாறு பேசலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் பள்ளியில் இன்று நடந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்க. நீங்கள் கண்டதை ஒரு பத்தியாகவும் பிறர் சொல்லக் கேட்டதை மற்றொரு பத்தியாகவும் எழுதுக.
3. திருக்குறளில் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்தோடு பொருந்தும் ஒரு குறளைத் தேர்ந்து பொருள் கூறுக.