கடல் பக்கத்தில்தானே? மரைன் டேங்க்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக் கடற்கரை 40 கிலோமீட்டர். கப்பி, கோல்டு ஃபிஷ் வளர்த்துக் கை பழகியவர்கள் அடுத்ததாகக் கடல்மீன் தொட்டிக்கு ஆசைப்படும்போது, இந்தத் தூரத்தைத்தான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். “தண்ணியும் உப்பும் நம்ம பக்கத்துலயே கிடைக்குது, அப்புறம் என்ன?” புதிதாகத் தொடங்குகிறவர்கள் பணத்தையும் மீனையும் இழப்பது பெரும்பாலும் இந்த நினைப்பால்தான்.

நம்பிக்கை 1: மரக்காணம் உப்பைக் கரைத்தால் கடல்நீர் தயார்.

உண்மை: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறக்குறைய 85 சதவீதம். மீதியில்தான் மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அடக்கம். உப்பளத்தில் நடப்பதே இவற்றைக் கழித்துக்கட்டும் வேலை. பாத்தியில் நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்பு படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. கால்சியத்தின் பெரும்பகுதி அத்தோடு போயிற்று. உப்புச் செறிவைக் காட்டும் பாமே அளவில் 25 டிகிரியை ஒட்டி சோடியம் குளோரைடு மணிமணியாக இறங்கத் தொடங்குகிறது. 30 டிகிரி நெருங்கும்போது மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் அந்த நீரோடு போய்விடும். உப்பு எவ்வளவு வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது கடலிலிருந்து விலகி வந்திருக்கிறது. சாம்பாருக்கு அது போதும். லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவில் மெக்னீசியமும் இருக்க வேண்டிய தொட்டிக்கு அது போதாது. மீன் கடைகளில் விற்கும் மரைன் சால்ட்டையே வாங்குங்கள். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வரை பிடிக்கும். கரைத்த பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து பாருங்கள், ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும்.

நம்பிக்கை 2: அப்படியானால் கேனில் கடல்நீரையே பிடித்து வரலாம்.

உண்மை: ஆழ்கடல் நீர் என்றால் யோசிக்கலாம். நம் கரையோர நீர் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் கழுவேலி ஏரி நிரம்பி, மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. அதோடு வயல்வெளியின் உரமும் வண்டலும் ஊர்க்கழிவும் போய்ச் சேரும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சமயத்துக் கரையோர நீரின் உப்பளவு எவ்வளவு நீர்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆராய்ச்சி நிறுவனங்கள் கடல்நீரைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அவர்கள் அதைப் படியவைத்து, வடிகட்டி, கிருமி நீக்கி, அளந்து பார்த்த பிறகே தொட்டியில் விடுகிறார்கள்.

நம்பிக்கை 3: தண்ணீர் குறைந்தால் உப்புநீர் ஊற்றி நிரப்பலாம், போர் தண்ணீரும் பரவாயில்லை.

உண்மை: ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதன்மேல் மறுபடி உப்புநீர் ஊற்றினால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அது போர் தண்ணீராக இருந்தால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எல்லாம் கூடவே வந்து, பாசிக்குத் தீனியாகும். குடிநீர் கேனிலும் சுவைக்காகத் தாது சேர்த்திருப்பார்கள். ஆர்.ஓ. நீரை அயனிகளை நீக்கும் டி.ஐ. வடிகட்டியிலும் விட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வந்த பிறகு ஊற்றுங்கள்.

நம்பிக்கை 4: முதல் தொட்டி சின்னதாக இருந்தால் சுலபம்.

உண்மை: நேர்மாறு. 20 லிட்டர் தொட்டியில் இரண்டு லிட்டர் ஆவியானால் உப்பளவு 35-லிருந்து 39-ஐ நெருங்கிவிடும். 200 லிட்டரில் நான்கு லிட்டர் போனாலும் 36-ஐத் தொடாது. வெப்பமும் இப்படித்தான். தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மே மாத விழுப்புரமோ 40 டிகிரி. மின்விசிறி வைத்தால் ஓரிரு டிகிரி குறையும், ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். கோடைக்கு நீரைக் குளிர்விக்கும் சில்லரோ ஏசி அறையோ இல்லாமல் முடியாது. மின்சாரம் நின்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் வேண்டும். இந்தச் செலவைத் தொட்டி வாங்கும் முன்பே கணக்கில் சேருங்கள்.

நம்பிக்கை 5: தண்ணீர் தெளிந்துவிட்டால் மறுநாளே மீன் விடலாம்.

உண்மை: தெளிவுக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இவை பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரின் பி.ஹெச். 8-க்கு மேல் என்பதால் அம்மோனியாவின் நஞ்சு நன்னீரைவிட இங்கே கடுமை. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகே முதல் மீன்.

நம்பிக்கை 6: நீமோ என்கிற க்ளவுன் மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம்.

உண்மை: கடலில் அது அடைக்கலம்; எதிரியே இல்லாத தொட்டியில் தேவையில்லை. கடல் சாமந்திக்குப் பலமான விளக்கும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். புதியவர் கையில் அது நிலைப்பது அரிது. க்ளவுன் மீன்களைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் வகுத்திருக்கின்றன. பொரிப்பக மீன் தொட்டி நீருக்கும் தீனிக்கும் பிறப்பிலிருந்தே பழகியது. கடலில் பிடித்ததைவிட அது நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

நம்பிக்கை 7: கடையில் விற்கிறார்கள், அதனால் பவளம் வாங்குவது சட்டப்படி சரி.

உண்மை: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், கல் பவளங்கள், கடல் விசிறி, கரும்பவளம் ஆகியவை இருக்கின்றன. கடற்குதிரையும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளதுதான். முதல் அட்டவணை உயிரிகளைப் பிடித்தால், விற்றால், வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ‘லைவ் ராக்’ என்று விற்கும் பவளப்பாறைத் துண்டுக்கும், கண்ணாடி அலமாரியில் காய்ந்து கிடக்கும் துண்டுக்கும்கூட விலக்கில்லை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள பவளம் 2016-இல் கடல் சூடேறி வெளுத்தது. வீட்டு அலங்காரத்துக்கு அதிலிருந்து ஒரு துண்டும் பெயர்க்க வேண்டாம்.

ஆக, நம் ஊரில் தொடங்குகிறவருக்கு ஏற்றது பவளம் இல்லாத தொட்டி: 150 லிட்டருக்குக் குறையாத நீர், சிமென்ட்டிலோ பீங்கானிலோ செய்த பாறை, ஒரு ஜோடி க்ளவுன், பொறுமை. சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகும்போது இது பொரிப்பகத்து மீனா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள், பில்லும் கேளுங்கள். இரண்டுக்கும் சரியான பதில் வராத கடையில் எதையும் வாங்காதீர்கள்.