காந்தம் மாட்டினால் பெட்ரோல் மிச்சமாகுமா?

சந்தையிலும் பெட்ரோல் பங்க் ஓரத்திலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்டிருப்பீர்கள்.

"அண்ணே, இது சாதாரணக் காந்தம் இல்லை. பெட்ரோல் குழாயில் மாட்டினால் போதும். 50 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 65 கொடுக்கும். விலை 1,500 ரூபாய்தான். மூன்றே மாதத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும்."

காந்தம் மட்டும் அல்ல. டேங்கில் போடும் மாத்திரை உண்டு. காற்றைச் சுழற்றிவிடும் தகடு உண்டு. தண்ணீரிலிருந்து வாயு எடுத்து இன்ஜினுக்குள் விடும் பாட்டிலும் உண்டு. காருக்கு ஒரு விலை, பைக்குக்கு ஒரு விலை.

1,500 ரூபாய் சின்னத் தொகையா? ஒருவர் பைக்கில் பால் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 40 கிலோமீட்டர் சுற்றுகிறார். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், ஒரு நாள் பெட்ரோலுக்கு 80 ரூபாய் ஆகும். அப்படியானால் 1,500 ரூபாய் அவருக்கு ஏறக்குறைய 19 நாள் பெட்ரோல். யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

விற்பவர் ஒரு காரணம் சொல்வார். "பாதி பெட்ரோல் எரியாமலே புகையோடு போகிறது. காந்தம் அதை எரிய வைக்கும்."

இது நம்பும்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் நினைவிருக்கிறதா? அவற்றில் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு உண்மையிலேயே சைலன்சர் வழியாக வெளியே போனது. பெட்ரோல் வாசனை கூட வரும். அந்தக் குறை காந்தத்தால் தீரவில்லை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் வந்ததால் தீர்ந்தது.

இப்போதைய நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால், உள்ளே போகும் பெட்ரோலில் 100 பங்கில் 97 பங்குக்கு மேல் எரிந்துவிடுகிறது. மீதி உள்ளதை முழுவதும் எரித்தாலும் 50 கிலோமீட்டர் 65 ஆகாது.

அப்படியானால் நம் காசு எங்கே போகிறது? சூடாகப் போகிறது. வண்டியை நிறுத்தியதும் சைலன்சரில் கால் பட்டால் சுடுகிறது அல்லவா? எரிந்த பெட்ரோல் தரும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மற்றதில் பெரும்பகுதி புகையோடும் இன்ஜின் சூட்டோடும் போய்விடுகிறது. குழாயில் மாட்டிய காந்தம் இதை மாற்றாது. பெட்ரோல் இரும்பு அல்ல, காந்தம் இழுத்துப் பிடிக்க.

இந்த வியாபாரம் புதிது அல்ல. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. உலகம் முழுவதும் விலை பல மடங்கு ஏறியது. அப்போது அமெரிக்காவில் இப்படிப்பட்ட கருவிகள் நிறைய விற்றன. 1975-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி அந்நாட்டு அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இக்கருவிகளைப் பரிசோதித்தது. காலப்போக்கில் 100 கருவிகளுக்கு மேல் பார்த்தார்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படி மைலேஜைக் கூட்டியது ஒன்றும் இல்லை. சில கருவிகள் புகையின் நச்சைத்தான் கூட்டின.

ஆனாலும் வாங்கியவர் பலர், "எனக்கு மைலேஜ் கூடியது" என்கிறார்களே! அவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பலருக்கு உண்மையாகவே கூடியிருக்கும்.

காந்தம் மாட்டும்போது மெக்கானிக் சும்மா இருப்பாரா? பிளக்கைத் துடைப்பார். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வார். டயருக்குக் காற்று அடிப்பார். இதிலேயே மைலேஜ் கூடும். அடுத்து, பணம் போட்டவர் மறுநாள் முதல் பார்த்து ஓட்டுவார். சட்டென்று முறுக்க மாட்டார். தேவையில்லாமல் பிரேக் பிடிக்க மாட்டார். சிக்னலில் வண்டியை அணைப்பார். மிச்சம் பிடித்தது அவருடைய கை. பெயர் வாங்கியது காந்தம்.

1978-இல் தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் சொல்வதும் இதைத்தான். 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள், டயரில் சரியான காற்று வையுங்கள் என்கிறது. இதற்குச் செலவு இல்லை.

இன்னொன்றும் உண்டு. பலன் கிடைக்காதவர் வெளியே சொல்ல மாட்டார். ஏமாந்தோம் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் பலன் கிடைத்தவர் பேச்சு மட்டும் ஊரெல்லாம் பரவுகிறது.

"இது கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்காது, அதனால் மறைக்கிறார்கள்" என்றும் சொல்வார்கள். நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 80 பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. ஒரு காந்தம் இதைக் குறைக்கும் என்றால் அரசு விடுமா? வண்டிக் கம்பெனிகளும் மைலேஜைச் சொல்லித்தான் வண்டி விற்கின்றன. அவர்களே மாட்டி அனுப்பியிருப்பார்கள்.

இனி அளப்பதைப் பார்ப்போம். டேங்கை வாய் வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 200 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் நிரப்ப வேண்டும். 4 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 50. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றால் 3¾ லிட்டர்தான் பிடிக்கும். அப்போது கணக்கில் 53 வரும். 4¼ பிடித்தால் 47 வரும். எதையும் மாட்டாமலே 47-க்கும் 53-க்கும் நடுவில் ஆடுகிறது! ஒரு தடவை அளந்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். நான்கைந்து தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

வாங்கிவிட்டவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பொய் விளம்பரம் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

வாங்காதவர்கள் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இரண்டு டப்பா. ஒன்றில் காந்தம், மற்றதில் ஒன்றும் இல்லை. எதில் என்ன என்று ஓட்டுபவருக்கும் தெரியக் கூடாது, விற்பவருக்கும் தெரியக் கூடாது. வேறொருவர் மாற்றி மாற்றி மாட்டிவிட்டுக் குறித்து வைப்பார். எல்லாம் முடிந்ததும், மைலேஜ் கணக்கை மட்டும் பார்த்து எது காந்த டப்பா என்று விற்பவர் சொல்லட்டும்.