நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ்! இன்ஸ்டால் விண்டோவில் என்ன எழுதலாம்?

நீங்களே எழுதிய புரோகிராமை அடுத்தவர் கம்ப்யூட்டரில் பதிய செட் அப் பைல் தயாரிப்பது இன்று மிக எளிது. ஜோர்டன் ரஸ்ஸல் 1997ல் வெளியிட்ட இன்னோ செட் அப், விண் ஆம்ப் பிளேயருக்காக உருவாகிப் பின்னர் அனைவருக்கும் தரப்பட்ட என்.எஸ்.ஐ.எஸ். என நல்ல புரோகிராம்கள் உள்ளன. வீட்டில் பயன்படுத்த இவை இலவசம். எந்த பைல்கள் வேண்டும் என்று சொன்னால் போதும். போல்டர் தேர்வு, ஐகான் என எல்லா விண்டோக்களையும் இவையே காட்டிவிடும். ஆனால் அந்த விண்டோக்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. நஷ்டப்பட்டது வேறொருவர்.

அண்ணாச்சி கடையில் நடந்தது

2006ல் எங்கள் தெரு மளிகைக் கடைக்கு பில் போடும் புரோகிராம் ஒன்றை எழுதித் தந்திருந்தேன். பதினான்கு மாதம் கழித்துப் புதிய பதிப்பை சிடியில் கொடுத்து, "போட்டுக்குங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது" என்றேன். இன்ஸ்டால் ஆகும்போது ஒரு செய்தி வந்தது. "டேட்டா பைல் ஏற்கனவே உள்ளது. ஓவர்ரைட் செய்யவா? எஸ் / நோ."

அண்ணாச்சி எஸ் அழுத்தினார். பதினான்கு மாதக் கடன் கணக்கு போன இடம் தெரியவில்லை. பேக் அப் எதுவும் இல்லை. "நோ போட்டா புதுசு ஏறாதுன்னு நெனச்சேன் தம்பி" என்றார். அவர் நினைத்ததில் தவறே இல்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு. பழைய நோட்டில் இருந்தது போக, மீதியை வாடிக்கையாளர்கள் சொன்ன தொகையை நம்பி எழுதிக்கொண்டார்.

யாரும் படிப்பதில்லை

இன்ஸ்டால் செய்பவரின் எண்ணமெல்லாம் புரோகிராமைத் திறப்பதில்தான் இருக்கும். நடுவில் வரும் விண்டோக்கள் அவருக்குத் தடைகள். அமெரிக்காவின் பிசி பிட்ஸ்டாப் நிறுவனம் தன் லைசென்ஸ் ஒப்பந்தத்தின் நடுவே, இதைப் படித்துவிட்டு இமெயில் அனுப்புபவருக்குப் பரிசு உண்டு என எழுதி வைத்தது. நான்கு மாதங்கள் கழித்து, 3,000க்கும் மேற்பட்ட டவுன்லோடுகளுக்குப் பிறகே ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது. இதனை அந்நிறுவனம் 2005ல் வெளியிட்டது.

எனவே "படித்திருக்க வேண்டாமா?" என்று பயனாளரைக் கேட்பதில் பயனில்லை. படிக்காமல் அழுத்தினாலும் கெடுதல் வராதபடி அமைப்பதுதான் நம் வேலை. அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

1. கேட்காமல் விட முடியுமா?

முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். அண்ணாச்சியிடம் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க வேண்டியதில்லை. இன்னோ செட் அப் ஸ்கிரிப்டின் பைல்ஸ் பகுதியில், டேட்டா பைலுக்கான வரியில் ஒன்லிஇஃப்டஸன்ட்எக்ஸிஸ்ட் என்னும் ஃபிளாகைச் சேர்த்திடவும். ஆங்கிலத்தில் இடைவெளி இன்றி ஒரே சொல்லாக டைப் செய்ய வேண்டும். அந்த பைல் ஏற்கனவே இல்லாதபோது மட்டுமே காப்பி ஆகும். அதனுடன் அன்இன்ஸ்நெவர்அன்இன்ஸ்டால் என்பதையும் சேர்த்தால், புரோகிராமை நீக்கினாலும் டேட்டா பைல் அழியாது. இந்த இரண்டு சொற்கள் இருந்திருந்தால் ஒரு கடையின் கணக்கு தப்பித்திருக்கும்.

எந்த போல்டர் என்ற கேள்வியும் பெரும்பாலும் தேவையற்றதே. டிஸேபிள்டிர்பேஜ் என்பதற்கு எஸ் எனக் கொடுத்தால் அந்த விண்டோ வராது.

2. கேட்டே ஆக வேண்டும் என்றால், பட்டனில் பதிலை எழுதவும்

"இன்ஸ்டாலேஷனை கேன்சல் செய்யவா?" என்று கேட்டு, கீழே ஓகே, கேன்சல் என இரு பட்டன்கள் தரும் புரோகிராம்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த கேன்சல் எதை கேன்சல் செய்யும்? "நிறுத்திவிடு", "தொடர்ந்து இன்ஸ்டால் செய்" என இருந்தால் கேள்வியைப் படிக்காதவருக்கும் புரியும்.

என் பழைய கேள்வியை இப்படி மாற்றலாம்:

"இந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் பழைய கணக்கு உள்ளது. அதை என்ன செய்யலாம்?"
முதல் பட்டன்: "பழைய கணக்கை வைத்துக்கொள்"
இரண்டாவது பட்டன்: "கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு"

இன்னோ செட் அப் 6ல் உள்ள டாஸ்க்டயலாக்எம்எஸ்ஜிபாக்ஸ் என்னும் பங்ஷன் மூலம் பட்டன்களில் நாம் விரும்பும் சொற்களை அமைக்கலாம். சாதாரண எஸ் / நோ பாக்ஸ்தான் என்றால், எம்பி அண்டர்ஸ்கோர் டெஃப்பட்டன்2 என்பதைச் சேர்த்திடவும். என்டர் தட்டினால் நோ தேர்வாகும். அவசரத்தில் தட்டும் என்டர் எப்போதும் பாதுகாப்பான பதிலாகவே இருக்க வேண்டும்.

3. டிக் அடையாளத்தில் நேர்மை வேண்டும்

டூல்பார், வேறு பிரவுசர் என வேண்டாதவற்றை முன்கூட்டியே டிக் செய்து, நெக்ஸ்ட் அழுத்துபவர் தலையில் கட்டிய செட் அப் பைல்கள் ஏராளம். நம் புரோகிராமில் அது வேண்டாம். டாஸ்க்ஸ் பகுதியில் தரும் விருப்பங்கள் தாமாகவே டிக் ஆகி வரும். அன்செக்டு என்ற ஃபிளாகைத் தந்தால் டிக் இன்றி வரும். "டெஸ்க்டாப்பில் ஐகானை வைக்காதே" என்று எதிர்மறையாக எழுதாமல், "டெஸ்க்டாப்பில் ஐகான் வை" என்றே எழுதவும்.

4. பிழைச் செய்தியில் வழியும் வேண்டும்

பழைய பதிப்பு திறந்திருக்கும்போது புதியதைப் பதிந்தால், "டெலீட்பைல் பெயில்டு, கோட் 5" என்பது போன்ற செய்தி வரலாம். நமக்குப் புரியும், அண்ணாச்சிக்கு? "பில் புரோகிராம் இன்னும் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மீண்டும் முயற்சி செய்யவும்" என்றால் அவரே சரிசெய்து கொள்வார். ஆப்மியூடெக்ஸ் வசதியைப் பயன்படுத்தினால், புரோகிராம் திறந்திருப்பதை செட் அப் முதலிலேயே கண்டறிந்து மூடச் சொல்லும்.

5. தமிழில் தரும்போது

மெசேஜஸ் பகுதியில் எந்தச் செய்தியையும் மாற்றி எழுதலாம். இன்னோ செட் அப் 6 முழுவதும் யூனிகோட் என்பதால் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், பட்டனுக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்கவும். அகராதியில் தேடிய சொல்லைவிடப் பயனாளர் வாயில் வரும் சொல்லே மேல். "அடுத்து", "பின்னால்", "முடிந்தது" போதும்.

வீட்டுப் பாடம்

உங்கள் செட் அப் பைலை, கம்ப்யூட்டர் அதிகம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அருகில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் எனக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விண்டோக்களைத்தான் திருத்த வேண்டும். மறுபடி ஒருமுறை, எதையும் படிக்காமல் என்டர் மட்டும் தட்டச் சொல்லுங்கள். அப்போதும் பழைய டேட்டா பத்திரமாக இருந்தால் உங்கள் செட் அப் தயார்.

அண்ணாச்சிக்கு அடுத்த பதிப்பைக் கொடுத்தபோது அதில் ஒரே ஒரு விண்டோதான். "உங்கள் கணக்குகள் அப்படியே இருக்கும்" என்று ஒரு வரி. கீழே "புதிய பதிப்பைப் பதி" என்று ஒரு பட்டன். அதை அழுத்துமுன் அவர் நிமிர்ந்து, "பேக் அப் எடுத்தாச்சா தம்பி?" என்று கேட்டார். எடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.