மேட்டில் ஏறாத வண்டி

பாண்டுப் மேற்கில் மலைச்சரிவில் நிறைய வீடுகள். அங்கே ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கிறார். ஒரு நாள் மேட்டில் வண்டி உறுமியது. ஆனால் வேகம் ஏறவில்லை. இட்லி ஆறிப்போனது. பாதி விற்கவில்லை.

எல்.பி.எஸ். சாலையில் மெக்கானிக்கிடம் போனார்.

"கிளட்ச் பிளேட் போச்சாண்ணே? செலவு நிறைய ஆகுமே!"

"அவசரப்படாதே தம்பி."

மெக்கானிக் கிளட்ச் பிடியை விரலால் அசைத்தார். நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் பிளேட்டுகள் முழுதாகப் பிடிக்காது. இங்கே தளர்வு சரியாக இருந்தது.

"என்ன ஆயில் ஊத்தினே?"

"டாக்சிக்காரர் மிச்சம் கொடுத்தார். கார் ஆயில்."

"அதான் விஷயம்!"

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச், எஞ்சின் ஆயிலில் நனைந்தே ஓடும். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். எஞ்சினுக்கு அது நல்லதுதான். ஆனால் கிளட்ச் வழுக்கும்.

மெக்கானிக் ஒரு டப்பாவை நீட்டினார். "படி."

தம்பி எழுத்துக் கூட்டிப் படித்தார். ஜாசோ எம்.ஏ.

இது 1998-இல் ஜப்பானில் வகுத்த தரம். ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. 20டபிள்யூ-50 போன்ற எண் ஆயிலின் கெட்டியை மட்டும் சொல்லும். எந்த எண் வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

பழைய ஆயிலை வடித்தார்கள். புதியதை ஊற்றினார்கள்.

"ரெண்டு நாள் ஓட்டிப் பாரு. அப்புறமும் வழுக்கினா பிளேட்டைக் கழற்றிப் பார்ப்போம்."

மூன்றாம் நாள் காலை தம்பி மேட்டில் ஏறினார். இட்லி சூடாகவே இருந்தது.