நள்ளிரவுக்குப் பின் வரும் பகல்

திருவனந்தபுரத்தின் பாளையம் பகுதியில் புனித சூசையப்பர் பேராலயமும் ஜும்மா மசூதியும் கணபதி கோயிலும் ஒன்றையொன்று பார்த்தாற்போல் அமைந்துள்ளன. டிசம்பர் 24-ஆம் தேதி இரவில் அந்த வட்டாரம் உறங்குவதில்லை. 'பாதிராக் குர்பானா' என்று மலையாளத்தில் வழங்கும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து மக்கள் வீடு திரும்புவதற்குள் இரவு வெகுவாகக் கடந்திருக்கும். கேரளத்தின் சிரியன் மரபுக் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் தேதியிலிருந்தே புலால் நீக்கி 'இருபத்தைந்து நோன்பு' காப்பவர்கள். வழிபாட்டுக்குப் பிறகு நோன்பு முடித்து உண்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்தால், கிறிஸ்துமஸ் பகல் பல இல்லங்களில் ஓசையின்றிக் காத்திருக்கும்.

அந்தப் பகலை என்ன செய்வது? இக்கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. நமது மடங்களிலும் அதே மாலையில் ஏசுநாதரின் திருவுருவத்தை அலங்கரித்து ஆரதி செய்கிறோம். அவரது பிறப்பு வரலாற்றைப் படிக்கிறோம். பிரசாதம் பெற்று வீடு திரும்புகிறோம். மறுநாள் நம்மில் எத்தனை பேருக்கு ஏசுநாதர் நினைவில் இருக்கிறார்?

'நாம் ஏன் கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டும்?' என்று கேட்கும் அன்பர்களும் உண்டு. அவர்களுக்கு ஆன்ட்பூர் நிகழ்ச்சியே விடை. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் மகாசமாதி அடைந்தார். அவ்வாண்டு டிசம்பரில், பாபுராமின் தாயாருடைய அழைப்பை ஏற்று, நரேந்திரரும் சகோதரச் சீடர்களும் அவரது கிராமமான ஆன்ட்பூருக்குச் சென்றனர். ஓரிரவு திறந்த வெளியில் துனி வளர்த்து நெடுநேரம் தியானம் செய்தார்கள். பின்னர் நரேந்திரர் ஏசுநாதரின் வாழ்வைப் பற்றிப் பேசலானார். தலைசாய்க்க இடமற்ற அந்தத் துறவு வாழ்வே தங்கள் வாழ்வும் ஆக வேண்டும் என்று அனைவரும் அக்கினி சாட்சியாக உறுதி பூண்டனர். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிய வந்தது. நாள் பார்த்து நடந்த விழா அன்று அது. ஏக்கம் முன்னே வந்தது, நாள்காட்டி பின்னே வந்தது.

மலங்கரைச் சபைகளின் கிறிஸ்துமஸ் வழிபாட்டிலும் தீக்கு இடமுண்டு என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஆலயத்திற்கு வெளியே சிலுவை வடிவில் குழி அமைத்து, குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வைத்த ஓலைகளை, இப்போது காய்ந்து சருகானவற்றை, அதில் இட்டு எரிப்பார்கள். மக்கள் வலம் வந்து நறும்புகைப் பொருளைத் தீயில் இடுவார்கள். இந்நகரின் பட்டம் பகுதியிலுள்ள மலங்கரைக் கத்தோலிக்கப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மார் இவானியோஸ் 1919-இல் நிறுவிய பெதனி ஆசிரமத்தார் காவி உடுப்பவர்கள் என்பதும் நினைவுகூரத்தக்கது.

தீ இரவில் எரிகிறது. பகலில் சாம்பல் ஆறுகிறது. எரிந்தது உள்ளே பற்றியதா என்று பார்ப்பதற்குப் பகல்தான் தேவைப்படுகிறது. யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உபதேசிக்கும்போது, ஆன்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், ஆழ்ந்து தியானிக்க வேண்டும் என்று படிப்படியாகக் கூறுகிறார். சிரவணத்திற்கு ஆலயமும் சத்சங்கமும் உள்ளன. மனனத்திற்கு யார் மணி அடித்து அழைப்பார்கள்?

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அத்தியாயத்தில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இடையர்கள் வந்து தாங்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்கிறார்கள். கேட்டவர் அனைவரும் வியக்கிறார்கள். மரியன்னை மட்டும் வேறொன்று செய்கிறார்: அவற்றை நெஞ்சில் இருத்திச் சிந்திக்கிறார். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல்லுக்கு, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தல் என்பது வேர்ப்பொருள். மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தகைய சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. எனக்கு எட்டியவரை 'மனனம்' அதற்கு மிக அருகில் வருகிறது. கேட்டதை முன்பு கேட்டதோடு இணைத்து, ஐயங்களை நீக்கி, தன்னுடையதாக்கிக் கொள்வதுதானே மனனம்? வியப்பு வெகு விரைவில் தணிந்துவிடும். வியந்தவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று அந்நூல் சொல்லவில்லை.

ஜெர்மானிய ஞானி எக்கார்ட்டின் கிறிஸ்துமஸ் பேருரைகள் இதனையே வேறு வகையில் அணுகுகின்றன. என்றோ நிகழ்ந்த அந்தப் பிறப்பு எனக்குள் நிகழாவிட்டால் எனக்கு அதனால் என்ன பயன் என்று அவர் வினவுகிறார். மௌனத்தின் நடுவிலேயே அது நிகழும் என்கிறார். தொலைக்காட்சியின் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு நடுவே அது நிகழும் என்று அவர் எங்கும் கூறவில்லை!

'வீட்டில் அமைதிக்கு நேரம் ஏது? இரவெல்லாம் விழித்து, சமைத்து, விருந்தினரைக் கவனிப்பவர்களுக்கு மனனம் எங்கே?' என்று இல்லத்தரசிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மரியன்னைக்கு ஓய்வு இருந்ததா? பச்சிளங்குழந்தை, தங்க இடமில்லாத வெளியூர், வந்துகொண்டேயிருக்கும் அந்நியர்கள். அவர் சிந்தித்தது அந்த வேலைகளுக்கு இடையில்தான். வீட்டில் உள்ள மற்றவர்கள் அன்று பாத்திரம் கழுவும் பொறுப்பையாவது ஏற்றுக்கொண்டால், அதுவும் அந்த நாளின் வழிபாட்டில் சேரும்.

மத்தேயு நற்செய்தியின் 5 முதல் 7 வரையுள்ள அத்தியாயங்களே மலைப்பொழிவு. நிதானமாக வாய்விட்டுப் படிக்க அரை மணி நேரம் போதும். குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து படித்து, சிறிது நேரம் பேசாமல் இருக்கலாம். சுவாமி விவேகானந்தர் பரிவ்ராஜகராகச் சுற்றிய காலத்தில் கீதையோடு 'கிறிஸ்துவைப் பின்பற்றல்' நூலையும் உடன் வைத்திருந்தார்; 1889-இல் அதன் சில அத்தியாயங்களை வங்காளியில் மொழிபெயர்க்கவும் செய்தார். 1892 டிசம்பரில் இதே திருவனந்தபுரத்தில் பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் ஒன்பது நாட்கள் தங்கியிருந்தார். அங்கிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரியை அடைந்து, கிறிஸ்துமஸ் நாட்களில் கடல் நடுவிலுள்ள பாறையில் தனிமையில் தியானத்தில் ஆழ்ந்தார்.

ஆன்ட்பூரில் துனியைச் சுற்றி அமர்ந்திருந்த இளைஞர்களும் மறுநாளே காவி உடுத்தவில்லை. கல்கத்தா திரும்பி, வராகநகரின் பாழடைந்த வீட்டில் ஜபத்திலும் தியானத்திலும் ஈடுபட்டனர். 1887 ஜனவரியில் விரஜா ஹோமம் செய்து முறைப்படி சந்நியாசம் ஏற்றனர்.