சொல் கிடைத்த பிறகு: வேல்ஸ் மொழியில் கணினி

பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில், கணினிக்கு 'கவ்ரிவ்யாடிர்' என்று பெயர். எண்ணுதலைக் குறிக்கும் 'கவ்ரிவ்' என்ற சொல்லிலிருந்து ஆக்கியது. இணையதளம் 'க்வேவன்'. 'க்வே' என்றால் வலை, 'மன்' என்றால் இடம். இரண்டும் சேரும்போது மகரம் வகரமாகிவிட்டது.

கலைச்சொல் ஆக்குவது எளிது. அதை வாக்கியத்தில் வைப்பதுதான் கடினம். தமிழில் 'மரம்' உருபேற்று 'மரத்தை' ஆகும்போது சொல்லின் கடைசி மாறுகிறது. வேல்ஸ் மொழியில் முதலெழுத்தே மாறும். 'அவளுடைய கணினி' என்றால் 'ஹவ்ரிவ்யாடிர்', 'என் கணினி' என்றால் 'ங்ஹவ்ரிவ்யாடிர்'. அகராதி புரட்டும் பிள்ளை பாவம்!

எண்களும் விடுவதில்லை. மூன்று, ஆறு ஆகியவற்றுக்குப் பின் ககரம் ஹகரமாகும். நான்குக்குப் பின் மாறாது. திரையில் தோன்றும் '___ கணினிகள் இணைந்துள்ளன' என்ற செய்திக்கு ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை என இரண்டு வடிவங்கள் போதும். வேல்ஸ் மொழிக்கு யூனிகோட் 6 வகைகளை வகுத்துள்ளது: 0, 1, 2, 3, 6, ஏனையவை. நிரலில் இதற்கு இடம் விடாவிட்டால், எவ்வளவு தேர்ந்த மொழிபெயர்ப்பாளராலும் பிழையைத் தவிர்க்க முடியாது. தாய்மொழிவழியில் படிக்கும் பிள்ளையும் அந்தப் பிழையையே நாள்தோறும் படிக்கும்.

வேற்றுமை உருபு நடத்தும்போது கரும்பலகையில் '___ஐ நீக்கவா?' என்று எழுதி, படம், பாடல், கோப்பு ஆகிய சொற்களை அப்படியே நிரப்பச் சொல்லுங்கள். 'படம்ஐ' என்றதும் வகுப்பு சிரிக்கும். தானே திருத்தவும் தொடங்கும்.